எதிர்மனுதாரர்

காலை ஆறு பத்து.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று
ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.
கோலை ஓடையில் இறக்கினேன்.
எண் ஏறி, இறங்கி, தயங்கி,
மூன்று புள்ளி மூன்றில் நின்றது.
ஆரஞ்சுச் சாற்றின் புளிப்பு.
ஆரஞ்சில் இத்தனை இரும்பு இருக்காது,
இந்த அளவு அலுமினியமும்.

கரைப் பாறைகளெல்லாம் துருவேறிக் கிடக்கின்றன,
யாரோ ஒரு பழைய லாரியை
மலைமேல் கரைத்து ஊற்றியதுபோல.

மாக்லோரியோ தாரசோனா,
பாசனக் குழுவின் தலைவர்,
பிளாஸ்டிக் உறையில் மனுவோடு வந்தார்.
நான்கு பக்கம். நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
கட்டைவிரல் ரேகை ஒன்பது.
உருளைக்கிழங்கு எவ்வளவு கொதித்தாலும் வேகவில்லை என்று ஒரு வரி.
மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது என்று ஒரு வரி.
ஃபோர்த்துனாத்தாவின் வெள்ளைச் சட்டை
மூன்றே சலவையில் காவியேறியதை விளக்கி அரைப் பக்கம்.
செத்த ட்ரவுட் மீன்களுக்கு
வெறும் தேதி மட்டும்.

எதிர்மனுதாரர் என்ற இடத்தில் ஒரு கோடு.

"அதை நீங்கள் நிரப்புங்கள், இன்ஹெனியேரா.
எந்தக் கம்பெனி?
சுரங்கத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான்?"

நான்கு ஆண்டுகளாக ஏறி இறங்குகிறேன்.
மேலே சுரங்கம் இல்லை.
இருந்திருந்தால் எனக்கும் வேலை எளிது.
இருப்பது பனியாற்றின் மூக்கு.
போன ஜூலையில் நான் சாயம் பூசி வைத்த பாறையிலிருந்து
பத்தொன்பது மீட்டர் பின்வாங்கியிருக்கிறது.
அது விட்டுப்போன இடத்தில்
கரிய பாறை, ஏடு ஏடாக.
ஏடுகளுக்கிடையே இரும்பும் கந்தகமும் கட்டிப்பிடித்த
பொன்னிற மணிகள்,
இத்தனை காலம் இருட்டில் உறங்கியவை.
காற்று பட்டது. மழை பட்டது.
குற்றம் அவ்வளவுதான்.

சொன்னேன்.
"கல்லா?" என்றார்.
"கல்லுக்கு எந்த விலாசத்தில் நோட்டீஸ் அனுப்புவது?"
கொஞ்சம் பொறுத்து,
"சரி, பனியை உருக்கியவன் யார்?"

என் பெட்டியில் நாற்பத்தெட்டுப் புட்டிகள்.
அந்தக் கேள்விக்கென்று ஒன்றும் கொண்டுவரவில்லை.

ஓடையின் பெயர் புக்காராக்ரா.
கெச்சுவா மொழியில் செம்பள்ளம்.
தண்ணீர் பால் கலந்த நீலமாய் ஓடிய காலத்திலும்
இதே பெயர்தான்.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்,
பெரும்பாலும் அறுபட்ட காளையில் போய் முடியும்.

போன சனிக்கிழமை கீழே ஏரியில்
குழாய் இறக்கி எடுத்த சேற்றுத்தூணை
நீளவாக்கில் அறுத்தோம்.
சாம்பல். சாம்பல். சாம்பல்.
அறுபத்தோராவது சென்டிமீட்டரில் தொடங்கி
நான்கு விரல் அகலத்துக்குச் சிவப்பு.
பிறகு மறுபடி சாம்பல்.

எப்போதோ ஒருமுறை பனி விலகி, ஓடை சிவந்து,
யாரோ குனிந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கலாம்.
பனி திரும்பி வந்து பாறையை மூடியிருக்கலாம்.
பெயரை மூட அதற்குத் தெரியவில்லை.
இரண்டு 'லாம்'களை வைத்து அறிக்கை எழுத முடியாது.
எழுதவில்லை.
மாக்லோரியோவிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

"அப்போது தண்ணீர் மறுபடி தெளிந்ததா?"
தெளிந்திருக்கிறது.
"எத்தனை நாளில்?"
நான்கு விரலை மடக்கி நீட்டிப் பார்த்தேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"நூற்று நாற்பது ஆண்டு. முன்னே பின்னே இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை.
மனுவை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.
"ஒரு புட்டி கொடுங்கள்.
திங்கட்கிழமை வட்டார அலுவலகத்தில்
அந்த ஆள் மேசைமேல் வைக்கிறேன்.
படிக்க வேண்டாம். குடிக்கட்டும்."

மண்டியிட்டு, நான் செய்வதைப் பார்த்தே பழகியவர்,
மூன்று முறை அலசி ஊற்றிவிட்டு
நான்காவது முறை நிறைத்தார்,
கழுத்து வரை, குமிழி இல்லாமல்.

பழக்க தோஷம், லேபிள் ஒட்டினேன்.
இடம், நேரம், உயரம்.
எடுத்தவர்: மா. தாரசோனா.
கெடாமலிருக்க ஒரு துளி அமிலம் விடுவது வழக்கம்.
இதற்கு விடவில்லை.